வேதாகமத்தை முழுதாக வாசிக்க: எங்கே தொடங்குவது, எதைப் பிறகு வைப்பது

தை முதலாந் திகதி ஆதியாகமத்தில் தொடங்கி, மாசி முடிவதற்குள் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறவர்களை யாழ்ப்பாணத்தில் எந்தச் சபையிலும் காணலாம். நின்றவர் பிறகு சங்கீதம் 23, சங்கீதம் 91, எரேமியா 29:11, பிலிப்பியர் 4:13 என்று பழகின இடங்களுக்கே திரும்பிவிடுவார். புத்தாண்டு ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டை வேதாகமத்துக்குள் பத்திரமாக இருக்கும். அந்த வசனத்துக்கு முந்தின வசனம் என்ன என்று கேட்டால் முழிப்பார்.

சபையில் வாசிப்புக் குழு ஒன்றை நடத்திக்கொண்டு வருவதில் கண்டதைச் சொல்கிறேன். நின்றுபோகிறவர்களில் அநேகருக்கு ஆர்வம் குறைவில்லை. எந்தப் புத்தகத்துக்குப் பிறகு எதை எடுப்பது என்பதில்தான் பிழைக்கிறது. கீழே உள்ள ஒழுங்கு அதற்காகத்தான்.

1. தொடங்க முன் கையில் இருக்க வேண்டியவை

அச்சிட்ட வேதாகமம் ஒன்று. போனில் வாசிக்கலாம்தான், ஆனால் முதற் சுற்றுக்கு வேண்டாம். போனில் ஒரு வசனத்தைத் தேடினால் நேரே அந்த வசனத்தில் கொண்டுபோய் விடும். அதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு கிடக்கிறது என்பது கண்ணில் படாது. நடுவில் வாட்ஸ்அப் வேறு சத்தம் போடும்.

சபையில் பழகின பழைய மொழிபெயர்ப்பின் (பழைய திருப்புதல்) தமிழ் கஷ்டம் என்று இளம்பிள்ளைகள் சொல்வார்கள். உண்மைதான். எளிய தமிழில் உள்ள மொழிபெயர்ப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வசனம் விளங்காத இடத்தில் மட்டும் அதைப் பாருங்கள். ஒவ்வொரு வசனத்தையும் இரண்டிலும் பார்க்கத் தொடங்கினால் கதை நகராது.

கத்தோலிக்கர்கள் 1995 இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பை வைத்து வாசிக்கலாம். அதில் 73 புத்தகங்கள். மற்றச் சபைகளின் வேதாகமத்தில் 66. பெயர்களும் வேறு: ஆதியாகமம் அங்கே தொடக்க நூல், யாத்திராகமம் விடுதலைப் பயணம், சங்கீதம் திருப்பாடல்கள். கீழே சொல்லுகிற வாசிப்பு ஒழுங்கு இரண்டுக்கும் ஒன்றேதான். மக்கபேயர் முதல் நூலை நெகேமியாவுக்குப் பிறகு சேர்த்துக்கொண்டால் பழைய, புதிய ஏற்பாடுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி நன்றாக நிரம்பும்.

ஒரு 80 பக்கக் கொப்பி, ஒரு பென்சில். வேதாகமத்தின் பின்பக்கத்தில் வரைபடம் இருந்தால் அதில் ஒரு துண்டுக் கடதாசியை வைத்துவிடுங்கள், அடிக்கடி தேவைப்படும்.

நேரக் கணக்கு: 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு நாலு என்றால் பத்து மாதம். ஏ/எல் சோதனைக்குப் படிக்கிற பிள்ளைக்கு நாலு அதிகாரம் சரிவராது, இரண்டு போதும். இரண்டாண்டு எடுத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

2. முதலில் ஒரு சின்னப் புத்தகத்தை ஒரே மூச்சில் வாசியுங்கள்

பிலிப்பியரை எடுங்கள். நாலு அதிகாரம், 104 வசனம். அரை மணித்தியாலம் காணும். இடையில் நிற்காமல், குறிப்பு எடுக்காமல், ஒரு கடிதம் வந்தால் எப்படி வாசிப்பீர்களோ அப்படி வாசியுங்கள்.

இது ஏன் முதல் படி? வசனம் வசனமாக வாசித்துப் பழகின கண்ணுக்கு முழுப் புத்தகம் என்றால் என்ன என்று காட்ட வேண்டும். அதிகாரப் பிரிவுகள் 13 ஆம் நூற்றாண்டில்தான் வந்தன. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் காணும் வசன எண்கள் 1551 இல் அச்சான பதிப்பில் இடப்பட்டவை. பிலிப்பியருக்குக் கடிதம் எழுதிய பவுல் எண் போட்டு எழுதவில்லை.

வாசித்து முடித்ததும் 4:13 ஐப் பாருங்கள். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." சோதனை மண்டபத்துக்குப் போகும்போதும் கிரிக்கெட் மட்டையிலும் இதை எழுதுகிற பிள்ளைகள் உண்டு. ஆனால் எழுதியவர் கட்டுண்டு கிடக்கிறார். அதை முதலாம் அதிகாரத்திலேயே சொல்லிவிட்டார். 4:11, 12 இல் பசியாயிருக்கவும் தெரியும், திருப்தியாயிருக்கவும் தெரியும், எந்த நிலையிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார். அந்த "எல்லாவற்றையும்" என்பதற்குள் பட்டினியும் இருக்கிறது. வெற்றிக்கான வசனம் என்று நினைத்திருந்தவர் இந்த இடத்தில் கொஞ்சம் பேசாமல் இருப்பார். அப்படி இருக்க விடுங்கள்.

அடுத்த நாட்களில் ரூத், யோனா. இரண்டும் நாலு நாலு அதிகாரம்தான்.

3. மாற்குவை இரண்டு மாலைகளில் முடியுங்கள்

பழைய ஏற்பாட்டுக்குள் இறங்க முன் ஒரு சுவிசேஷம் முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். கதை எங்கே போய்ச் சேரப் போகிறது என்று தெரிந்தால் எண்ணாகமத்தில் நாற்பது வருடம் அலைவது அவ்வளவு களைப்பாக இராது. மாற்கு 16 அதிகாரம். நாலு சுவிசேஷங்களில் சிறியது, வேகமானது.

இங்கே வழக்கமான பிழை: "இது ஞாயிறு பள்ளியிலேயே தெரியும்" என்று தாண்டுவது. தெரிந்தவை தனித்தனிக் கதைகள். அவை எந்த வரிசையில் வைக்கப்பட்டிருக்கின்றன என்பது தெரியாது. எட்டாம் அதிகாரத்தை எடுங்கள். பெத்சாயிதாவில் ஒரு குருடனை இயேசு தொடுகிறார். அவன் முதலில் மனுஷரை நடக்கிற மரங்களைப்போலக் காண்கிறான். இரண்டாந்தரம் தொட்ட பிறகுதான் தெளிவாகக் காண்கிறான். அடுத்த காட்சியிலேயே பேதுரு, "நீர் கிறிஸ்து" என்கிறான். அதற்கடுத்து, இயேசு பாடுபட வேண்டும் என்றதும் அவரையே கடிந்துகொள்கிறான். பேதுருவுக்கும் பார்வை பாதிதான் திறந்திருக்கிறது. இந்த இரண்டும் அடுத்தடுத்து நிற்பதைத் தொடர்ச்சியாக வாசிக்கிறவர் மட்டுந்தான் காண்பார்.

4. கதையைச் சுமக்கிற புத்தகங்களை மட்டும் முதலில் எடுங்கள்

ஆதியாகமம், யாத்திராகமம், எண்ணாகமம், யோசுவா, நியாயாதிபதிகள், 1, 2 சாமுவேல், 1, 2 இராஜாக்கள், எஸ்றா, நெகேமியா. பிறகு லூக்கா, அப்போஸ்தலர். மொத்தம் 348 அதிகாரம். நாளுக்கு நாலு என்றால் மூன்று மாதத்துக்குள் படைப்பிலிருந்து ரோமாபுரி வரை வந்துவிடலாம்.

லேவியராகமமும் உபாகமமும் இந்தப் பட்டியலில் இல்லை. வேண்டாம் என்பதற்காக இல்லை. கதை தெரியாதவனுக்குச் சட்டம் ஒட்டாது. நாளாகமம் இரண்டும் சாமுவேல், இராஜாக்களின் கதையை இன்னொரு நோக்கில் திரும்பச் சொல்வதால் அவையும் பிறகுதான்.

வேகமாகப் போகக்கூடிய இடங்கள்: யாத்திராகமம் 25-31, 35-40 (ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள்), எண்ணாகமம் 1-4, 7, 26, யோசுவா 13-21. யோசுவாவின் அந்தப் பகுதி நம்முடைய காணி உறுதியைப்போல எல்லை சொல்லிக்கொண்டே போகும். குழுவில் காணி வழக்கு உள்ளவர்கள் மட்டும் ரசித்து வாசிப்பார்கள். ஆனால் யாத்திராகமம் 32-34 ஐத் தாண்டவே கூடாது. பொன் கன்றுக்குட்டி அங்கேதான் இருக்கிறது. அளவுகளை வாசித்துக் களைத்துப் பக்கங்களைப் புரட்டுகிறவர்கள் அதையும் சேர்த்துப் புரட்டிவிடுகிறார்கள்.

நியாயாதிபதிகள் 17 முதல் 21 வரை வாசித்துவிட்டு "இதையெல்லாம் ஏன் வேதாகமத்தில் வைத்தார்கள்?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். பதில் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்நாட்களில் ராஜா இல்லை, அவனவன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்தான் என்று 17:6 இலும் கடைசி வசனத்திலும் எழுதியிருக்கிறது. நடந்ததைச் சொல்வதும் அதை மெச்சுவதும் வேறு வேறு. தனி வசனங்களை மட்டும் வாசித்துப் பழகினவர்களுக்கு இந்த வித்தியாசம் பிடிபட நாள் எடுக்கும், ஏனென்றால் அட்டையில் அச்சிடுகிற எல்லா வசனமும் மெச்சத்தக்கதாகவே இருக்கும்.

இராஜாக்களில் எல்லோரும் குழம்புவார்கள். 1 இராஜாக்கள் 12 இல் நாடு இரண்டாக உடைகிறது. அந்த இடத்தில் கொப்பியில் ஒரு பக்கத்தை நடுவே கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் இஸ்ரவேல், தலைநகர் பிற்பாடு சமாரியா. வலது பக்கம் யூதா, தலைநகர் எருசலேம். ராஜா பெயர் வரவர அந்தந்தப் பக்கத்தில் எழுதுங்கள். யெரொபெயாம் இடது, ரெகொபெயாம் வலது. இடது பக்கம் கி.மு. 722 அளவில் அசீரியாவிடம் முடிகிறது. வலது பக்கம் கி.மு. 586 அளவில் பாபிலோனிடம். இந்த ஒரு பக்கம் இல்லாமல் தீர்க்கதரிசிகளுக்குள் போகாதீர்கள்.

5. தீர்க்கதரிசிகளை அவரவர் காலத்தில் செருகுங்கள்

வேதாகமத்தில் ஏசாயா முதல் மல்கியா வரை இருக்கும் வரிசை கால வரிசை இல்லை. அப்படியே வாசித்தால், முடிந்துபோன கதைக்குப் பின்னால் பதினாறு பேர் ஒருமிக்கக் கத்துவது போல இருக்கும். ஒவ்வொரு புத்தகத்தின் முதல் இரண்டு மூன்று வசனங்களில் பெரும்பாலும் ராஜாவின் பெயர் இருக்கிறது. உங்கள் இரண்டு பத்திப் பக்கத்தில் அவரைத் தேடுங்கள்.

2 இராஜாக்கள் 14 இல் நின்று ஆமோசும் ஓசியாவும். அதே அதிகாரத்தில் 25 ஆம் வசனத்தில் யோனாவின் பெயரும் வருகிறது. 15 முதல் 20 வரை ஏசாயா, மீகா. அதில் 18-20 ஏறக்குறைய அப்படியே ஏசாயா 36-39 இலும் உண்டு. 22 முதல் 25 வரை எரேமியா. 25 முடிந்ததும் புலம்பல், அத்தோடு சிறையிருப்பில் இருந்து பேசுகிற எசேக்கியேல், தானியேல். எஸ்றா 5:1 இல் ஆகாய், சகரியா இருவரும் பெயரோடு வருகிறார்கள்.

முதற் சுற்றிலேயே எல்லோரையும் செருகாதீர்கள். ஆமோஸ், எரேமியா 26-45, ஆகாய் மூன்றும் போதும். எரேமியாவில் அதிகாரங்கள் கால வரிசையில் இல்லை. 32-34 சிதேக்கியாவின் காலம், 35, 36 அதற்கு முந்தின யோயாக்கீமின் காலம். ஒவ்வோர் அதிகாரத்தின் முதல் வசனத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

இப்போது எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" தருவேன் என்கிற வசனம். அதை 28 ஆம் அதிகாரத்தில் இருந்து வாசிக்க வேண்டும். அங்கே அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி, இரண்டு வருடத்துக்குள் எல்லோரும் பாபிலோனிலிருந்து திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் நின்று சொல்கிறான். ஜனம் கேட்க விரும்பினது அதைத்தான். எரேமியா அதை மறுத்து, பிறகு சிறைப்பட்டுப் போனவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்புகிறார்: அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். எழுபது வருடம் நிறைவேறின பின்புதான் திரும்புவீர்கள். பதினோராம் வசனம் அதற்கு அடுத்ததாக வருகிறது. கடிதத்தை வாசித்த பெரியவர்களில் அநேகர் அந்த முடிவைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள்.

இந்தப் பகுதியை விளக்கச் சொல்லி எங்கள் குழுவில் யாருக்கும் போதகர் தேவைப்படவில்லை. 1990 இல் போரால் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். "அடுத்த வருஷம் ஊருக்குப் போகலாம்" என்று வருடா வருடம் கேட்டவர்கள். இரவல் காணியில் கிணறு வெட்டுவதா, கூரைக்கு ஓடு போடுவதா என்று யோசித்து யோசித்து இருந்தவர்கள். அனனியா யார், எரேமியா யார் என்று அவர்கள்தான் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

6. விருப்பமான வசனத்தை அதன் இடத்தில் போய்ப் பாருங்கள்

இதை நாலாம், ஐந்தாம் படிகளுக்குப் பிறகுதான் செய்ய வேண்டும். முன்பே செய்தால் ஆளுக்கு ஆள் மற்றவருடைய வசனத்தைப் பிழை பிடிக்கிற விளையாட்டாகிவிடும்.

மூன்று கேள்விகள்: யார் பேசுகிறார்? யாரிடம்? இதற்கு முன் என்ன நடந்தது?

"உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." யோபு 8:7. புதுக் கடை திறக்கிறவர்களுக்குப் பிடித்த வசனம். பேசுகிறவன் சூகியனான பில்தாத். கேட்கிறவன் பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்த தகப்பன். மூன்று வசனம் முன்னால், உன் பிள்ளைகள் பாவம் செய்ததால்தான் அழிந்தார்கள் என்ற பொருளில் பில்தாத் அந்தத் தகப்பனிடமே சொல்கிறான். 42:7 இல் கர்த்தர், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று அவனையும் கூட்டாளிகளையும் கடிந்துகொள்கிறார். ஆனாலும் யோபின் பின்னிலைமை முன்னிலைமையிலும் ஆசீர்வாதமாகத்தான் முடிகிறது. பில்தாத் சொன்ன வார்த்தை பலித்தது, சொன்ன காரணம் பிழைத்தது. கடையில் மாட்டுவதா வேண்டாமா என்பதை இவ்வளவும் தெரிந்துகொண்டு நீங்களே தீர்மானியுங்கள்.

மத்தேயு 18:20, இரண்டு மூன்றுபேர் கூடியிருக்கிற இடத்தைப் பற்றியது. ஜெபக் கூட்டத்துக்கு ஆள் வராதபோது சொல்வோம். 15 ஆம் வசனத்தில் இருந்து வாசித்தால், குற்றம் செய்த சகோதரனை எப்படித் திருத்துவது என்ற பேச்சின் நடுவில் அது வருகிறது. வெளிப்படுத்தின விசேஷம் 3:20 இல் வாசற்படியில் நின்று தட்டுகிறவர், தனக்கு ஒரு குறைவுமில்லை என்றிருந்த லவோதிக்கேயா சபையின் கதவைத் தட்டுகிறார். சங்கீதம் 91 இன் தூதர் வசனத்தை மத்தேயு 4 இல் யார் எடுத்துச் சொல்கிறார் என்று பாருங்கள்.

7. சங்கீதமும் நீதிமொழிகளும் பக்கத்தில் ஓடட்டும்

இவற்றை வரிசையில் வைத்து ஒருமிக்க வாசிக்க வேண்டாம். 150 சங்கீதத்தையும் தொடர்ந்து வாசித்தால் ஒன்றும் மனதில் நிற்காது. நாளுக்கு ஒன்று, மற்ற வாசிப்போடு. ஐந்து மாதத்தில் முடியும். 119 ஆம் சங்கீதத்தில் மட்டும் 176 வசனம், அதைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சங்கீதத்தைக் கடைசி வசனம் வரை வாசிக்க வேண்டும். 137 பாபிலோன் ஆறுகள் அருகில் அழுது தொடங்குகிறது, பழிவாங்கும் வெறியில் முடிகிறது. 88 இருளில் முடிகிறது, ஆறுதலே இல்லை. 22 கைவிடப்பட்டவனின் கதறலில் தொடங்கித் துதியில் முடிகிறது. தலைப்பையும் வாசியுங்கள்: 51 இன் தலைப்பு உங்களை 2 சாமுவேல் 11, 12 க்கு அனுப்பும்.

நீதிமொழிகள் 26:4, 5 இரண்டையும் ஒன்றாக வாசித்தால் காணும். மூடனுக்கு மறுஉத்தரவு கொடாதே என்கிறது ஒன்று; கொடு என்கிறது மற்றது. எந்த நேரத்துக்கு எது என்று பார்க்கிற புத்தகம் அது. அதிலிருந்து வாக்குத்தத்தம் பிடுங்குவது கஷ்டம்.

8. நிருபங்களை அப்போஸ்தலர் புத்தகத்தோடு சேர்த்து வாசியுங்கள்

பவுலின் நிருபங்கள், அதாவது கடிதங்கள், பெரும்பாலும் நீளத்தின்படி அடுக்கப்பட்டவை. ரோமர் முதலில், ஒரே அதிகாரமான பிலேமோன் கடைசியில். அதனால் அப்போஸ்தலர் 16 இல் பிலிப்பியர், 17 இல் தெசலோனிக்கேயர், 18 இல் கொரிந்தியர், 19 இல் எபேசியர் என்று செருகுங்கள். பிலிப்பியில் லீதியாளையும் சிறைச்சாலைக்காரனையும் சந்தித்துவிட்டுக் கடிதத்தைத் திரும்ப வாசித்தால், அது யாருக்குப் போனது என்று முகத்தோடு தெரியும்.

லேவியராகமத்துக்கு இப்போது திரும்புங்கள். 1-10, 16, 19 அதிகாரங்களை வாசித்து, உடனே எபிரெயர் 8-10. ஆண்டுக்கொருமுறை பிரதான ஆசாரியன் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள்ளே போவது ஏன் என்று தெரிந்தால்தான் எபிரெயரின் வாதம் விளங்கும். உன்னைப்போல் பிறனிலும் அன்புகூர்வாயாக என்பதும் லேவியராகமம் 19:18 தான்.

வெளிப்படுத்தின விசேஷம் கடைசியில். எங்கள் பக்கம் இதற்குத்தான் கூட்டம் சேரும், அதனால் முதலில் எடுக்கச் சொல்லிக் கேட்பார்கள். மசியாதீர்கள். யாத்திராகமத்தின் வாதைகள், எசேக்கியேல், தானியேல், சகரியா தெரியாமல் அதற்குள் போனால் செய்தித்தாளை வைத்து விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவோம்.

9. நாள் தவறினால், குழுவாக வாசித்தால்

தவறின நாட்களைச் சேர்த்து வாசித்து ஈடுகட்ட முயலாதீர்கள். எட்டு அதிகாரம், பன்னிரண்டு அதிகாரம் என்று கடன் ஏறும்போதுதான் ஆட்கள் கைவிடுகிறார்கள். திகதி போட்ட அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு, நின்ற இடத்தில் இருந்து போங்கள்.

குழுவில் சத்தமாக வாசியுங்கள். கண் தெரியாத பெரியவர்களுக்கு அது வசதி; அவசரமாகப் புரட்டுகிறவர்களுக்கும் அது கடிவாளம். வாசித்ததும் "இது எனக்கு என்ன சொல்கிறது" என்று தொடங்க விடாதீர்கள். முதலில் "இங்கே என்ன நடந்தது" என்று ஒருவர் சொல்லட்டும். நல்லூர்த் திருவிழா நாட்களில் வீதி மூடியிருக்கும். அந்த வாரங்களில் அவரவர் வீட்டில் வாசித்துவிட்டுப் பிறகு கூடலாம். ரொறன்ரோவில் இருக்கிற சகோதரங்களையும் போனில் சேர்ப்பதென்றால், இங்கே பின்னேரம் ஏழு மணி அங்கே கோடையில் காலை ஒன்பதரை, குளிர்காலத்தில் எட்டரை.

ஒவ்வொரு புத்தகம் முடிந்ததும் கொப்பியில் நாலு வரி: யார் யாரிடம் பேசுகிறார், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எது திரும்பத் திரும்ப வருகிறது, எது விளங்கவில்லை. நாலாவது வரியை வெறுமையாக விடாதீர்கள். இரண்டாம் சுற்றில் உபாகமம், நாளாகமம், மீதித் தீர்க்கதரிசிகள் எல்லாம் சேரும்போது, அந்த விளங்காத வரிகளை வைத்துத்தான் எதை முதலில் எடுப்பது என்று தெரிவுசெய்யப் போகிறீர்கள்.